பிள்ளையைக் கூட்டிவர யார் யார் போவது?

கும்பகோணத்துப் பக்கமிருந்து போன மாதம் ஓர் அம்மா போன் செய்தார். மகன் அமெரிக்காவில் இருக்கிறார். ஏழு வயதில் ஒரு பேரன். இரண்டாவது பிள்ளையை இந்தியாவிலிருந்து தத்து எடுக்கிறார்கள், குழந்தையும் ஒதுக்கியாகிவிட்டது. "பையன் மூணு பேருமா வர்றோம்ங்கிறான். மருமக, நாம ரெண்டு பேர் போதும், இவன் படிப்பு கெடும்ங்குது. பெரியவனை எங்கிட்ட விட்டுட்டு நீங்க போயிட்டு வாங்கன்னு நான் சொல்றேன். நீங்க பார்த்தவங்களாச்சே, எது சரி?"

பார்த்தவள்தான். 2023 ஜூலையில் என் தம்பி குடும்பம் இதே காரியத்துக்காக நியூஜெர்சியிலிருந்து வந்தது. மயிலாடுதுறையில் எங்கள் வீடுதான் அவர்களுக்கு முகாம், மொத்தம் ஒன்பது வாரம். இந்த ஒரு வருடத்தில் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது போன் இது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை காய்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்குக் காகித வரிசை வேறு. யார் போவது என்ற குழப்பம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

காகிதம் எங்கே நிற்கிறது

யார் போவது என்பதற்கு முன்னால் எப்போது போவது என்று பார்க்க வேண்டும். நாடு விட்டு நாடு தத்து எடுப்பதற்கான 1993-ஆம் வருட ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியாவும் அமெரிக்காவும் இருக்கின்றன. அதனால் வரிசை மாறக் கூடாது. அமெரிக்கப் பக்கம் முதலில், தத்து எடுக்கப் பெற்றோருக்குத் தகுதி உண்டா என்று பார்க்கும் ஐ-800ஏ விண்ணப்பம், அதன் ஒப்புதல். பிறகு காரா (தத்துக்கான மத்திய அரசு அமைப்பு) வழியாகக் குழந்தை ஒதுக்கீடு. அந்தக் குழந்தைக்காக ஐ-800 என்ற இன்னொரு விண்ணப்பம். அதற்குத் தற்காலிக ஒப்புதல் கிடைத்து, அமெரிக்கத் தூதரகம் கடிதம் கொடுத்த பிறகு காராவின் தடையில்லாச் சான்று. அப்புறம் குழந்தை வளரும் இல்லம் இருக்கும் மாவட்டத்துக் கலெக்டர் தத்து ஆணை போடுவார். முன்பு இது கோர்ட் வேலை, 2022 செப்டம்பர் முதல் கலெக்டருக்கு மாறியது. ஆணைக்குப் பிறகு, தத்து ஹேக் விதிப்படி நடந்தது என்று காரா தரும் இணக்கச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், கடைசியில் விசா.

இதில் நாம் நுழைய இரண்டு வாசல் உண்டு. பாஸ்போர்ட் வரை எல்லாம் தயாரான பிறகு வந்து, இரண்டு மூன்று வாரத்தில் குழந்தையோடு திரும்புவது ஒன்று. தடையில்லாச் சான்று வந்ததுமே வந்து, ஆணை நிலுவையில் இருக்கும்போதே குழந்தையைத் தற்காலிகப் பராமரிப்புக்கு வாங்கிக்கொண்டு இந்தியாவுக்குள்ளேயே தங்குவது இன்னொன்று. இதற்கு விதியில் இடம் இருக்கிறது. ஆனால் ஊரில் ஒரு வீடும் வீட்டில் ஆளும் இருப்பவர்களுக்குத்தான் இது கட்டும். டெல்டாக்காரர்கள் பலருக்கு இரண்டும் இருக்கிறது, அதனால்தான் குழப்பமும் கூடுகிறது.

எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் டிக்கெட் விலையில் ஆரம்பிக்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். தம்பி குடும்பத்தைப் பார்த்த பிறகு என் வரிசை இது.

முதலில், புதுக் குழந்தை ஒரே சமயத்தில் எத்தனை முகங்களைத் தாங்க வேண்டியிருக்கும். இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஆயாக்கள் ஷிப்டுக்கு ஷிப்டு மாறியிருப்பார்கள். யார் கொடுத்தாலும் சாப்பிடும், யார் தூக்கினாலும் போகும். சில பிள்ளைகள் யாரிடமும் போகாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கொஞ்ச நாளைக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அப்பா அம்மா கை மட்டும்தான்.

இரண்டாவது, மூத்த பிள்ளை சின்னதை முதன்முதலில் எங்கே, எப்படிப் பார்க்கிறது. இதை யாரும் யோசிப்பதில்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

மூன்றாவது, தேதி தள்ளிப்போனால் உங்கள் திட்டம் தாங்குமா. கலெக்டர் இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இருந்தாலும் ஒரு எழுத்துப்பிழை போதும்.

அப்புறம் லீவு. அதற்கும் பிறகு பணம்.

வழி 1: எல்லாம் தயாரான பிறகு குடும்பத்தோடு

மூத்தது ஐந்தாறு வயதைத் தாண்டியிருந்தால் என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். இல்லத்து வாசலில் தங்கையையோ தம்பியையோ முதலில் பார்ப்பது அதன் கண்ணாக இருக்கும். "நாமதான் போய்க் கூட்டிட்டு வந்தோம்" என்று அது வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். சின்னதுக்கும் ஒரு வசதி இருக்கிறது. பெரியவர்களைப் பார்த்து மிரளும் பிள்ளை, இன்னொரு பிள்ளையிடம் சீக்கிரம் ஒட்டும்.

தேதி ஓரளவு கைக்குள் இருக்கும். பாஸ்போர்ட் வந்தாகிவிட்டதால் மிச்சம் இருப்பது விசாவும் அதற்கான மருத்துவப் பரிசோதனையும்தான்.

மறைந்திருக்கும் செலவுகள் சில உண்டு. அமெரிக்காவில் சிறுவர் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் ஐந்து வருடம்தான். மூத்ததின் பாஸ்போர்ட் காலாவதியானது டிக்கெட் போடும்போதுதான் தெரியவரும். அதற்கு ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இல்லையென்றால் தனியாக விசா வேறு. கோடையில் நியூஜெர்சிக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். மூத்தது நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து விளையாடும், அப்போதுதான் சின்னது அழுது ஓய்ந்து தூங்கியிருக்கும். ஹோட்டலில் ஒரே அறை எடுத்தால் நால்வரும் சேர்ந்து விழிக்க வேண்டியதுதான். இரண்டு அறை, இல்லையென்றால் சமையலறையோடு ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்ட் எடுங்கள். ஆபீஸ் வேலைக்கு ஒருவர் அலையும்போது இன்னொருவர் இரண்டு பிள்ளைகளோடு அறையில் அடைந்து கிடப்பார். அந்த ஒருவர் தினமும் ஒரே ஆளாக இல்லாமல் பார்த்துக்கொள்வது உத்தமம்.

எப்போது வேண்டாம்? மூத்ததும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையாக இருந்தால் வேண்டாம். தூக்கு தூக்கு என்று இரண்டும் ஒரே மடிக்குச் சண்டை போடும்.

வழி 2: இருவர் மட்டும், மூத்தது அங்கேயே

உண்மையைச் சொன்னால் சின்னதுக்கு இதுதான் மிக நல்லது. நான்கு கைகளும் ஒரு பிள்ளைக்கு. செலவும் குறைவு. மூத்ததின் பள்ளியும் கெடாது.

மூத்ததுக்கோ இது நல்லதில்லை. அப்பாவும் அம்மாவும் மூன்று வாரம் காணாமல் போய், திரும்பும்போது கையில் இன்னொன்றோடு வந்து நிற்கிறார்கள். இடம் பறிபோனது என்று அது நினைத்தால் தப்பு சொல்ல முடியாது. பிரசவத்துக்குப் போன அம்மாவாவது மூன்றாம் நாள் வந்துவிடுவாள்.

இது பொருந்தும் வீடுகளும் இருக்கின்றன. மருமகளின் அம்மா ஏற்கெனவே அங்கே ஆறு மாதம் தங்க வந்திருந்தால், பேரப்பிள்ளை அந்தப் பாட்டியிடம் தூங்கிப் பழகியிருந்தால், தாராளமாகப் போகலாம். மூத்தது பதின்வயதில் இருந்து, தானே "நான் வரல" என்று சொன்னாலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுச் சிநேகிதி பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையில் மட்டும் கிளம்பாதீர்கள். தேதி ஒரு வாரம் தள்ளினால் அந்தச் சிநேகிதம் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். யாரிடம் விட்டாலும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் சிகிச்சைக்குச் சம்மதம் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு என்று கையெழுத்துப் போட்ட கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள். பள்ளியிலும் அவர் பெயரைச் சொல்லிவைக்க வேண்டும்.

வழி 3: முன்னதாகவே வந்து ஊரில் தங்குவது

தம்பி எடுத்தது இது. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும், நான் செய்த தப்பும் இதில்தான் இருக்கிறது.

குழந்தை ஒடிசாவில் ஓர் இல்லத்தில் இருந்தாள், இரண்டரை வயது. தம்பியும் அவன் மனைவியும் மூத்தவளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டார்கள். அவளுக்கு அப்போது ஏழு. இரண்டு பேரும் புவனேஸ்வர் போய்ப் பத்து நாள் அங்கேயே தங்கி, பழகி, எழுதிக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுக் குழந்தையோடு கிளம்பினார்கள். இதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதுப்பிள்ளையை வீட்டுக்குள் அழைக்கக் கூடாது என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். காகிதம் ஆடி பார்த்தா வரும் என்று தம்பி போனில் கத்தினான். கடைசியில் அம்மாவே வழி கண்டுபிடித்தார்: "பதினெட்டாம் பெருக்கு அன்னைக்கு வரட்டும். அன்னைக்கு வந்தது எல்லாம் பெருகும்."

நல்ல யோசனைதான். நான் அதோடு விட்டிருக்கலாம். பதினெட்டாம் பெருக்காச்சே என்று சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு, எதிர்வீடு என்று எல்லோரையும் கூப்பிட்டுவிட்டேன். புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்சாதம் எல்லாம் தயார். காவிரித் துலாக்கட்டத்தில் படைத்துவிட்டு வந்த கூட்டம் அப்படியே எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. கார் வந்து நின்றதும் ஆரத்தி, குலவை. "எங்க தங்கத்தைக் குடு" என்று பத்துக் கை நீண்டது. குழந்தை கீழே இறங்கி, நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. தம்பி மனைவியும் உள்ளே தவழ்ந்துபோய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். புதுப்புடவையோடு.

அன்று ராத்திரி மூத்தவள் என்னிடம் கேட்டாள்: "அத்தை, அவளுக்கு அம்மாவை ஏற்கெனவே தெரியுதே. எனக்கு மட்டும் ஏன் இன்னைக்குக் காட்டினாங்க?" பத்து நாளாக அப்பாயி கதையிலும் என் தோசையிலும் அவள் சந்தோஷமாக இருப்பதாக நாங்கள் நினைத்திருந்தோம்.

எல்லோரையும் அனுப்பிவிட்டு மறுநாளிலிருந்து வாசல் கேட்டைப் பூட்டினேன். இரண்டு வாரத்துக்கு நானும் அம்மாவும் சமைத்து வைப்பதோடு சரி, குழந்தைக்கு ஊட்டியது அவர்கள் இருவர் மட்டும். இட்லியைத் தொடவே மாட்டேன் என்றாள். நான்காம் நாள் காலையில் அம்மா தனக்குப் பிழிந்து வைத்திருந்த பழைய சோற்றை எட்டிப் பார்த்துவிட்டுக் கை நீட்டினாள். ஒடிசாவிலும் நீர்ச்சோறு உண்டு, பகாளா என்பார்கள். அது எங்களுக்கு அப்போது தெரியாது. அவள் "பாணி, பாணி" என்று அழுதபோது தண்ணீர் கேட்கிறாள் என்று முதலில் கண்டுபிடித்தது மூத்தவள்தான். அந்த நிமிஷத்திலிருந்து அவள் அக்கா ஆனாள்.

இந்த வழியின் பலம் நாட்கள்தான். விமானம் ஏறும்போது குழந்தைக்கு அம்மா யார் என்று தெரிந்திருந்தது. ஹோட்டல் வாடகை இல்லை, சமையல் கவலை இல்லை, நாக்குக்கும் ஒரு மொழி கிடைத்துவிட்டது.

விலையும் நிறைய. முதலாவது லீவு. அமெரிக்காவில் எஃப்.எம்.எல்.ஏ. என்ற குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டப்படி தத்து எடுப்பதற்கு 12 வாரம் வரை சம்பளமில்லாத விடுப்பு உண்டு, வெளிநாடு போய்க் கூட்டிவரும் பயணத்துக்கும் அது செல்லும். ஆனால் 50 பேருக்குக் குறையாத கம்பெனியில் ஒரு வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். துண்டு துண்டாக எடுக்கக் கம்பெனி சம்மதிக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் ஒரே கம்பெனி என்றால் இருவருக்கும் சேர்த்துத்தான் 12 வாரம். சம்பளமில்லாத ஒன்பது வாரத்தையும் ஹோட்டல் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அம்மா வீட்டில் தங்குவது இலவசமில்லை என்று தெரியும்.

இரண்டாவது, தேதி. ஆணையில் ஒரு பிறந்த தேதி, சான்றிதழில் வேறு தேதி. திருத்தி வாங்கப் பதினொரு நாள். அதற்குள் செப்டம்பர் வந்து மூத்தவளின் பள்ளி திறந்துவிட்டது. தம்பி அவளோடு திரும்பினான். அவன் மனைவி சின்னவளோடு இங்கேயே இருந்தாள், டெல்லிக்கு விசா வேலையாகப் போனபோது நானும் துணைக்குப் போனேன். பழகிக்கொண்டிருந்த அப்பா ஒருநாள் காரில் ஏறிப் போய்விட்டார் என்பது சின்னவளுக்கு எப்படி இருந்திருக்கும்? மூன்று நாள் வாசலில் எந்தக் கார் வந்தாலும் ஓடினாள். இந்த வழியில் வருபவர்கள், ஒருவர் முன்னால் திரும்ப நேரும் என்பதைக் கணக்கில் வைத்தே கிளம்ப வேண்டும்.

மூன்றாவது, ஆணை வரும்வரை குழந்தை சட்டப்படி இன்னும் உங்கள் பிள்ளை இல்லை. அதைச் சுற்றத்தாருக்குப் புரியவைப்பது பெரும்பாடு. பெயர் வைப்பு, காது குத்து எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். போட்டோவும் அப்படியே. இப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தையும் படத்தையும் ஊடகங்களில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. எங்கள் உறவில் ஒருவர் ஸ்டேட்டஸில் போட்டு, சண்டை போட்டு எடுக்கவைத்தேன்.

காலமும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவுக்குச் சின்னப் பிள்ளையோடு வராதீர்கள். மழை, வெள்ளம், கொசு. அவசரம் என்றால் மயிலாடுதுறையிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் மூன்று மணி நேரம் ஆகும், புயல் சமயத்தில் அதுவும் கணக்கில்லை.

ஒரு பார்வையில்

| | வழி 1: குடும்பத்தோடு, கடைசியில் | வழி 2: இருவர் மட்டும் | வழி 3: முன்னதாக வந்து ஊரில் |
|---|---|---|---|
| தங்கும் காலம் | 2–3 வாரம் | 2–3 வாரம் | 2 மாதத்துக்கு மேலும் ஆகலாம் |
| சின்னதுக்கு | நல்லது | மிக நல்லது | கேட்டைப் பூட்டினால் மிக நல்லது |
| மூத்ததுக்கு | மிக நல்லது | கஷ்டம் | முதல் சந்திப்பில் கூட இருந்தால் நல்லது |
| தேதி தள்ளினால் | ஓரளவு தாங்கும் | பார்த்துக்கொள்பவரைப் பொறுத்தது | வீடு தாங்கும், லீவு தாங்காது |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | இரண்டாவது அறை, மூத்ததின் பாஸ்போர்ட் | மூத்ததின் மனசு | சம்பளம், சொந்தக்காரர்கள் |

பணம்

இல்லத்துக்குச் செலுத்தும் 5,000 டாலர் எந்த வழியிலும் மாறாது. அமெரிக்க ஏஜென்சியின் கட்டணமும் அப்படித்தான். வித்தியாசம் டிக்கெட்டிலும் தங்கும் செலவிலும் மட்டும். அங்கே தத்துக்கான வரிச் சலுகை 2025 கணக்குக்கு ஒரு பிள்ளைக்கு 17,280 டாலர் வரை உண்டு, பயணச் செலவும் சாப்பாடும் தங்குமிடமும் அதில் சேரும். வெளிநாட்டுத் தத்து என்றால், தத்து முடிவான வருடத்தில்தான் அதைக் கேட்க முடியும். ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

கேட்காத நான்காவது வழி

போன் செய்கிறவர்கள் பேச்சுவாக்கில் இதையும் இழுப்பார்கள்: "அலையறதுக்குப் பதிலா நம்ம சொந்தத்திலேயே ஒரு பிள்ளையைச் சார்பதிவாளர் ஆபீசில் பத்திரம் போட்டு எடுத்துக்கிட்டா?" 1956-ஆம் வருட இந்துத் தத்துச் சட்டத்தில் அது உண்டு, நம் பக்கத்தில் காலங்காலமாக நடப்பதும்தான். ஆனால் அமெரிக்காவுக்கு அழைத்துப்போக என்றால் முதலில் பத்திரம், பிறகு விசா என்ற வரிசை செல்லாது. ஹேக் படிகள் முடியுமுன் தத்தை முடித்தால் பிள்ளை இங்கே, தத்து எடுத்தவர்கள் அங்கே என்று வருடக்கணக்கில் நிற்க நேரும். சொந்தக்காரர் பிள்ளையை எடுக்கவும் காரா உண்டு. வக்கீலைப் பார்க்காமல் பத்திரத்தில் கை வைக்க வேண்டாம்.

கும்பகோணத்து அம்மாவுக்கு நான் சொன்னது: மூன்று பேரும் வரட்டும். பேரனை உங்களிடம் விட்டுவிட்டுப் போக வேண்டாம், இல்லத்துக்கு அவனும் போகட்டும். பையனுக்கு லீவு கிடைத்தால் இல்லம் இருக்கும் ஊரிலேயே இரண்டு வாரம் இருந்துவிட்டு, பிறகு உங்கள் வீட்டுக்கு வரட்டும். லீவு இல்லையென்றால் வழி 1, ஊருக்கு வருவது அடுத்த வருடம்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், "அப்ப வாசல்ல ஆரத்திகூட எடுக்கக் கூடாதாம்மா?"

எடுங்கள் என்றேன். நீங்கள் ஒருத்தர் மட்டும். குலவை வேண்டாம்.